சிவப்பு மிதவைக்குப் பக்கத்தில்

மாலை ஐந்தேகால் மணி. குளிர் இறங்குவதற்கு முந்தைய கடைசி வாரங்கள். அந்த நேரத்துக்கே கடலில் வெளிச்சம் சாம்பலாகிவிடும். முன்னால் பார்த்தாலும் தண்ணீர், பின்னால் பார்த்தாலும் தண்ணீர்... ஆள் நடமாட்டமில்லாத பாதை என்றால் அதைப்போல இன்னொன்று கிடையாது.

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. ஓரத்தில் இருக்கிற பிள்ளைக்கும் போர்வை எட்டட்டும்.

இது என் சிநேகிதியின் தம்பிக்கு நடந்தது. அவர் படகுக் கேப்டன். தூண்டில் ஆசை பிடித்தவர்களை வாடகைக்குக் கடலுக்குக் கூட்டிப்போவார். காலையில் கரையோரம், கொடுவா மீன். மதியத்துக்கு மேல் ஆழ்கடல், வஞ்சிரம். குளிருக்கு முன்னால் மீன்கள் வெறி பிடித்தாற்போல் இரையெடுக்குமாம். கேப்டனுக்கு வருஷத்திலேயே நல்ல நாட்கள் அவைதான்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். மீன் விழுகிற இடத்தை ரேடியோவில் எவனும் உள்ளபடி சொல்ல மாட்டான். தெற்கே இருந்தால் வடக்கே என்பான். அதைப் பொய் என்றே யாரும் நினைப்பதில்லை.

இன்னொரு கேப்டன் இருந்தார். பட்டப்பெயர் கோந்து. யாருக்கு மீன் கிடைத்தாலும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்வார், அதனால். நம்மவரைவிட இளையவர். ‘அண்ணே, அண்ணே’ என்று உயிரை விடுவார். இருவருக்கும் ரேடியோவில் தனியாக ஒரு சானலே உண்டு.

அன்றைக்கு ஐந்தேகால் மணிக்கு நம்மவர் படகைத் தெற்குப் பாறைப் பக்கம் நிறுத்தியிருந்தார். நாலு தூண்டிலும் வளைந்து கிடந்தன. ரேடியோ கரகரத்தது.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

கேப்டன் படகில் இருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். “சிவப்பு மிதவைகிட்டடா. மீனா வருது? தூக்கம்தான் வருது.”

“சரிண்ணே. அங்கயே இருங்க, வந்துடறேன். அப்புறம் அண்ணே, ஒரு விஷயம்...”

“கோந்து வந்து ஒட்டறதுக்குள்ள நாம இன்னும் நாலு பிடிச்சிடலாம்” என்றார் கேப்டன். ரேடியோவின் குமிழைத் திருகி அணைத்தார். டிக். படகே சிரித்தது.

கப்பல்களுக்கு அடையாளமாக நங்கூரமிட்டு மிதக்கவிட்ட அந்தச் சிவப்பு மிதவை, அங்கிருந்து வடக்கே ஒன்பது மைல்.

கோந்து அன்று தனியாகத்தான் போயிருந்தார். கரை திரும்பவில்லை. மறுநாள் தேடிப் போனவர்களுக்குப் படகு கிடைக்கவில்லை, மூழ்கிப்போயிருக்க வேண்டும். சிவப்பு மிதவையில் மட்டும் ஒரு கயிறு கட்டியிருந்தது. மறுமுனையில் யாரும் இல்லை. தண்ணீருக்குச் சற்று மேலே, ஒரு கை எட்டுகிற உயரத்தில், பாசி முழுக்க வழித்தெடுத்தாற்போல் போயிருந்தது. ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்... அண்ணன் வருவார் என்று.

கோந்தின் மனைவி படகுத்துறைக்கு வந்தாள்.

“அண்ணே, கடைசியா உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?”

“இல்லம்மா. அன்னிக்கு ரேடியோ சரியா கேக்கல.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “நீங்க சாப்பிட்டீங்களாண்ணே?” என்று கேட்டாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த ஒரு கேள்வி அவரை வருஷம் முழுக்க அரித்தது. எதிரே அவள் வந்தால் தெருவை மாற்றிக்கொள்வார். கண்ணாடி பார்க்காமல் சவரம் செய்துகொள்வார், கன்னமெல்லாம் கீறல். கடலுக்குப் போனால் ஐந்து மணி அடிக்கும்போதே ரேடியோவை அடக்கிவிடுவார்.

மறு வருஷம். அதே வாரம், அதே தெற்குப் பாறை, அதே ஐந்தேகால். படகில் வந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், காற்று எப்படி என்று கேட்கலாமே எனக் குமிழைத் திருகிவிட்டார்.

டிக்.

முதலில் வாடைதான் வந்ததாம். நனைந்த கயிறும் டீசலும் கலந்த வாடை. அப்புறம்...

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

வாத்தியார் திரும்பினார். “உங்களைத்தான் கூப்பிடறாங்க போல. பாவம், குளிர்ல பல்லு அடிச்சுக்குது. பதில் சொல்லுங்க சார்.”

கேப்டன் மைக்கை எடுத்தார். “தெக்குப் பாறைலடா... அன்னிக்கும் இங்கதான் இருந்தேன்.”

கரகரப்பு. அலைச் சத்தம்.

“சரிண்ணே. அங்கயே இருங்க, வந்துடறேன்.”

கேப்டன் நங்கூரத்தைத் தூக்கக்கூட இல்லை. கயிற்றை வெட்டிவிட்டு, எஞ்சின் அலற அலறக் கரைக்கு ஓட்டினார்.

துறையில் இறங்கியவர் நேராகக் கோந்தின் வீட்டுக்குப் போனார். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி என்றைக்குமே சொல்ல மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் கதவைத் திறந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மிதவை, பாறை, கண்ணடித்தது, குமிழைத் திருகியது, எல்லோரும் சிரித்தது... ஒன்றையும் விடவில்லை.

“தெரியும்ண்ணே” என்றாள் அவள்.

சமையலறை மேசையில் ஒரு பழைய ரேடியோ. சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“வீட்டுல இருந்தே அவரு பேசறதைக் கேக்கறது என் வழக்கம். அன்னிக்கும் கேட்டேன். நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு நம்பி, நிம்மதியா அடுப்பைப் பத்த வெச்சேன்.”

அவள் ரேடியோவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“தினமும் அஞ்சேகாலுக்குக் கூப்பிடறாரு. நான் பேசினா அவருக்குக் கேக்க மாட்டேங்குது. இன்னிக்குத்தான் நீங்க பதில் சொன்னீங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “அங்கயே இருங்கன்னு சொன்னாருல்ல... ஏண்ணே வந்துட்டீங்க?”

அவர் வாயைத் திறப்பதற்குள் மேசையில் ரேடியோ கரகரத்தது. பாறையில் அலை மோதுகிற சத்தம். மூச்சு வாங்குகிற சத்தம்.

“அண்ணே... பாறைக்கு வந்துட்டேன். எங்க இருக்கீங்க?”

அவள் மைக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அது சொட்டச் சொட்ட நனைந்திருந்ததாம்.