சீட்டில் வந்த ராகம்

காலையில் என்ன பாட்டுக் கேட்பது என்று பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. கை எதில் படுகிறதோ அதைப் போடுகிறார்கள். எங்கள் கடை முதலாளி கிழமை பார்ப்பார். செவ்வாய் என்றால் வயலின், வெள்ளி என்றால் வீணை. என் அக்காள் கணவர் வீட்டில் சண்டை நடந்த மறுநாள் மட்டும் தோடி கேட்பார், அதனால் அந்த வீட்டில் தோடிக்குப் பஞ்சமே இல்லை. நான் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. எனக்குச் சுவர் வழியாக வந்ததுதான். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரைக் கட்டடத்தில் எல்லோரும் கப்பல்காரர் என்பார்கள். முப்பது வருடம் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். ஒரே மகள், விமானத்தில் போகிற தூரத்தில் இருக்கிறாள். மனிதருக்கு எழுபத்தொரு வயது, குரல் மட்டும் இருபத்தைந்து.

ஒன்றரை வருடம் அவர் டேப்பில் போடும் பாட்டை நான் சுவரோரம் நின்று கேட்டேன். பல் தேய்த்தபடி, சட்டைக்குப் பொத்தான் போட்டபடி. கடையில் எனக்குப் பின்னறை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. வாடிக்கையாளர்களின் மூக்குக் கண்ணாடி எல்லாம் எனக்குத் தெரியும், ஒருவர் முகமும் தெரியாது. மாலை வீட்டுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமலே இருந்துவிட்டேன் என்பது திங்கட்கிழமை தொண்டை கரகரத்தபோதுதான் தெரிந்தது.

ஒருநாள் காலை பாட்டு வரவில்லை. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். கையில் ஒரு துண்டுச் சீட்டோடு வந்து கதவைத் திறந்தார். "நல்லவேளை வந்தே. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு தம்பி. எழுத்தெல்லாம் எறும்பா ஊருது" என்றார். பிலஹரி என்று இருந்தது. படித்தேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். என்னை யாரும் அப்படிக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆச்சு என்று பொய் சொன்னேன்.

சீட்டு விஷயத்தை அன்றுதான் விளக்கினார். கப்பலில் ஒரே டேப் ரிக்கார்டர், பாட்டுப் பைத்தியங்கள் நான்கு பேர். எதைப் போடுவது என்று தினமும் அடிதடி. கடைசியில் ராகங்களின் பெயரைச் சீட்டில் எழுதி, பிடித்த ராகத்துக்கு நாலைந்து சீட்டாக, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். விதி மூன்று. எடுத்த சீட்டை மாற்றக் கூடாது. வந்த பாட்டை நடுவில் நிறுத்தாமல் முழுசாகக் கேட்க வேண்டும். எடுத்த சீட்டு, டப்பா காலியாகும் வரை உள்ளே திரும்பக் கூடாது. அது ஒரு டம்ளருக்குப் போய்விடும். கரைக்கு வந்த பிறகும், மற்ற மூவரும் செத்த பிறகும், இவர் அதை விடவில்லை.

மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கு நான் போனேன். அவர் சீட்டை எடுப்பார், நான் படிப்பேன், கேசட்டைத் தேடிப் போடுவேன். பாட்டு முடியும்வரை இருப்பேன். முடிந்ததும் அவர் குளிக்கப் போவார், நான் கடைக்குப் போவேன்.

அந்த மாதமே அவரைக் கடைக்கு அழைத்துப்போய்க் கண்ணை அளந்தோம். படிப்பதற்கு இரண்டே முக்கால் பவர் வேண்டியிருந்தது. ஒன்றேகால் வைத்துத் தேய்த்துக் கொடுத்தேன். அதில் ஆபத்து எதுவும் இல்லை. படிக்கட்டு தெரியும், ஆள் தெரியும், பொடி எழுத்து மட்டும் தெரியாது. போட்டுப் பார்த்துவிட்டு முகம் வாடினார். "வயசாச்சு சார், இதுக்கு மேல கண்ணாடியால முடியாது" என்றேன். "சரி, அதான் நீ இருக்கியே" என்றார். நான் அவர் கண்ணைக் கெடுக்கவில்லை. இருந்ததை இருந்தபடி விட்டேன்.

சீட்டைப் பொறுத்தவரை மூன்று வாரம் உள்ளதை உள்ளபடிதான் படித்தேன். பிறகு ஒருநாள் முகாரி வந்தது. முகாரி அவரிடம் ஒரே கேசட்டில்தான் இருந்தது, பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு நிமிடத்தில் என்ன பேச முடியும்? கல்யாணி என்று படித்தேன். கல்யாணி ஒரு பக்கம் முழுக்க, நாற்பத்தைந்து நிமிடம். அவரும் ஆனந்தமாகத் தலையாட்டிக் கேட்டார். அதற்குப் பிறகு சின்ன ராகம் எது வந்தாலும் பெரிய ராகமாகத்தான் படித்தேன். "டப்பாவுக்கு இப்பல்லாம் கல்யாணி மேல ஒரு கண்ணு" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் இதயத்தில் அடைப்பு என்றார். மகள் போனில் அழுதாள். உடனே கிளம்பி வாருங்கள், இங்கே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆபரேஷன் செய்துகொண்டு எங்களோடேயே இருந்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. தனியாகக் கிடக்கிறீர்களே என்றாள். "தனியா இல்லம்மா. பக்கத்து வீட்டுத் தம்பி இருக்கான்" என்றார். அந்த ஒரு பேச்சை நான் இரண்டு நாள் மனசுக்குள் வைத்துக் கொண்டாடினேன்.

போகவும் பயம், இருக்கவும் பயம் அவருக்கு. கத்தி என்றாலே ஆகாது. கடைசியில் டப்பாவையே கேட்டுவிடலாம் என்றார். ராகச் சீட்டுகளைத் தட்டில் கொட்டிவிட்டு, வேறு இரண்டு சீட்டு எழுதச் சொன்னார். ஒன்றில் 'போ', மற்றதில் 'இரு'. வழக்கத்தைவிடப் பொடியாக எழுதினேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

குலுக்கி ஒன்றை எடுத்தார். ஜன்னல் பக்கம் போய், கண்ணாடியை ஏற்றி இறக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் நீட்டினார்.

"சத்தமாப் படி தம்பி. எதுவா இருந்தாலும் சரி."

'போ' என்று இருந்தது.

"இரு" என்று படித்தேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நிம்மதிதான். மகளுக்குப் போன் செய்து டப்பா சொல்லிவிட்டது என்றார். அவள் எவ்வளவோ மன்றாடினாள். எடுத்த சீட்டை மாற்றக் கூடாது என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தச் சீட்டு டம்ளருக்குப் போகவில்லை, என் சட்டைப் பைக்குப் போனது. ராகச் சீட்டுகளை நான்தான் டப்பாவில் திரும்பப் போட்டேன். அடியில் 'இரு' என்ற சீட்டு எடுக்கப்படாமல் கிடக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த வீட்டில் என்னைத் தவிர எழுத்துப் படிக்க யார் இருந்தார்கள்? காரியம் முடிந்து சாமான்களை ஒழித்தபோது மகள் அதை எடுத்துப் படித்திருக்கிறாள். 'இரு' உள்ளேயே இருந்தால் அப்பா எடுத்தது எது என்று என்னிடம் வந்து கேட்டாள். அதுவரை என்னை அண்ணா என்று கூப்பிட்டவள்.

இனி அந்தக் காலையைச் சொல்கிறேன். 'இரு' என்று படித்ததிலிருந்து பத்தொன்பதாவது நாள். அந்தப் பத்தொன்பது நாளும் எனக்கு நன்றாக இருந்தன, அதை மறைக்க விரும்பவில்லை. வழக்கம்போலச் சீட்டை எடுத்தார், படித்தேன், கல்யாணி போட்டேன். பத்தாவது நிமிடம் இருக்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.

"தம்பி, பாட்ட நிறுத்து. போன் பண்ணு."

"முழுசாக் கேக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றேன்.

ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் மகள், மகள் என்றால் விமானம். எப்படிப் பார்த்தாலும் மறுநாள் ஆறரைக்கு அந்த வீட்டில் நான் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் இறுக்கமாகப் பிடித்திருந்தார், பிறகு நான் மட்டும் பிடித்திருந்தேன். பாட்டு முடிந்து டேப் நின்றதும் போன் செய்தேன். முப்பத்தைந்து நிமிடம் ஏன் சும்மா இருந்தாய் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சும்மா இருக்கவில்லை. சீட்டில் வந்ததை முழுசாகக் கேட்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி, நான் போட்டதல்ல. நான் அதற்குக் கட்டுப்பட்டேன், அவ்வளவுதான்.

அன்றைய சீட்டு டம்ளரில் மேலாகவே இருக்கும். எடுத்துப் படியுங்கள், உங்களுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அதில் முகாரி என்று எழுதியிருக்கும். பன்னிரண்டு நிமிடம். கல்யாணியைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.