அரிசி அட்டையில் சாகாத ஒன்பது பேர்

நடக்கிறோம். சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறைக்குப் பின்னால் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயனை விட்டுத் தெற்கே. 1942, பிப்ரவரி முதல் வாரம். காலை. வானம் கறுப்பு. எண்ணெய்த் தொட்டிகள் எரிகின்றன. அம்மா இடுப்பில் தங்கை பாக்கியம். அவளுக்கு நான்கு வயது. எனக்கு எட்டு. அப்பா தலையில் பாத்திர மூட்டை.

முதலில் ஒரு சீழ்க்கை. நீளமாக. பிறகு சத்தமே இல்லாத ஒரு நொடி.

“படுங்க! வாயைத் தொறந்து வைங்க!”

கத்தியது அப்பா. வாய் மூடியிருந்தால் காது கிழியும் என்று பட்டறையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். திறந்த வாயோடு குப்புற விழுந்தேன். வாய் நிறைய மண். துப்பிவிட்டு எழுந்தேன். எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த கணவனும் மனைவியும் எழவில்லை. லயனில் கடைசி வீட்டுக்காரர்கள். புதைக்க நேரமில்லை. தாண்டி நடந்தோம்.

சிராங்கூன் ரோட்டில் ஒரு மாட்டுக் கொட்டகையில் ஒண்டினோம். பிப்ரவரி 15, ஞாயிறு. சாயங்காலத்துக்கு மேல் பீரங்கிச் சத்தம் நின்றது. காது அதன் பிறகும் இரைந்துகொண்டே இருந்தது. வெள்ளைக்காரன் கை தூக்கிவிட்டான் என்றார்கள். லயனுக்கே திரும்பினோம். போக வேறு இடமில்லை.

அடுத்து வந்தது அரிசி அட்டை. ஜப்பான்காரன் ஆள் எண்ணித்தான் அரிசி கொடுத்தான். வீட்டில் ஒருவர் செத்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அரிசி குறையும். ஏற்கெனவே போதாத அரிசி. லயன்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஒரு முடிவுக்கு வந்தார்கள். எங்கள் லயனில் இனி யாரும் சாவதில்லை.

முதலில் பாக்கியம். இரத்தபேதி. மூன்று நாள். ஒப்பாரி இல்லை. பறை இல்லை. அழுகைச் சத்தம் வெளியே போனால் அட்டை போய்விடும். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ரப்பர் மரங்களுக்கு நடுவே புதைத்தோம். மேடு தெரியாமல் இலைகளைப் பரப்பினோம்.

ஆள் எண்ண வருவார்கள். பக்கத்து வீட்டு அந்தோணியின் தங்கை பின்வாசல் வழியாக ஓடிவந்து பாக்கியமாக நிற்பாள். அந்தோணி என் வயதுக்காரன். பிறகு அப்பாவையும் இன்னும் ஏழு பேரையும் லாரியில் ஏற்றினார்கள். சயாமில், இன்றைய தாய்லாந்தில், தண்டவாளம் போடும் வேலை. மூன்று மாதம் என்றார்கள். வந்தது ஒருவர். அது அப்பா இல்லை.

ஆண்கள் இல்லாத லயனில் குழி வெட்டியது நானும் அந்தோணியும்தான். அவன் அம்மா போனபோதும் நாங்கள்தான் வெட்டினோம். கால் வீங்கி, முகம் வீங்கி, ஒரு காலையில் எழவில்லை. அவர்கள் கத்தோலிக்கர்கள். சிலுவை நட்டால் காட்டிக்கொடுத்துவிடும். நடவில்லை. அடுத்த எண்ணிக்கையில் என் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு அந்தோணியின் அம்மாவாக நின்றார்.

இப்படி ஒன்பது பேர். பாக்கியத்தின் அரிசியை நான் தின்றேன். அதனால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன். வெட்கமில்லை.

1945 செப்டம்பர். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். அரிசி அட்டை அப்போதும் போகவில்லை. செத்தவர்கள் யார் என்று விசாரித்தபோது லயன் வாயைத் திறக்கவில்லை. அது எங்கள் தப்பு. பிறகு சொல்லலாம் என்று நினைத்தோம். அந்தப் பிறகு வரவே இல்லை.

நான் ஓரிடத்தில் தங்கவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஜூரோங்கில் செங்கல் சூளை. கப்பலில் அடுப்படி. ஜொகூரில் லாரி. மறுபடி ஜூரோங். இப்போது வயது தொண்ணூற்றைத் தாண்டிவிட்டது.

இந்த ஆண்டு செம்பவாங்கில் ஒரு மண்டபத்தில் பழைய கம்பங்களின், அதாவது கிராமக் குடியிருப்புகளின், போர்க்கால இறப்புகளை ஒரு மாதிரிப் பலகையில் எழுதி வைத்தார்கள். போய்ப் பார்த்தேன். எங்கள் லயனுக்கு நேரே ஒரு வரி. இறப்பு எதுவும் பதிவாகவில்லை.

பொறுப்பில் இருந்த பெண் கவிதா. முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நான் நம்புறேன் தாத்தா. ஆனா பேப்பர் இல்லாம, ஒரே ஆள் சொல்லி போட முடியாது. இன்னொரு சாட்சி வேணும். நிரந்தரப் பலகை அடுத்த வாரம் பிரிண்டுக்குப் போகுது.”

லயனில் பிறந்து இன்று உயிரோடு இருப்பது இரண்டே பேர், நானும் அந்தோணியும். பஸ் பிடித்து உட்லண்ட்ஸ் போனேன். மகள் வீட்டில் அந்தோணி டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ செத்துட்டன்னு சொன்னாங்களேடா,” என்றான்.

“நம்ம லயன்ல யாருடா செத்தா?”

சிரித்தான். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

“எங்கம்மா ஈப்போவுல காய்ச்சல்ல போனாங்கன்னுதான் என் பிள்ளைங்களுக்குத் தெரியும். இப்பப் போயி என்னத்தச் சொல்ல? செபம் இல்லாம, சிலுவை இல்லாம, நாயப் பொதைக்கிற மாதிரி பொதைச்சேன்னா?”

“நாய்க்கு எவன்டா அவ்ளோ ஆழம் வெட்டுவான்? எட்டு நாள் கை தூக்க முடியல நமக்கு.”

“நீ ஊர்சுத்தி. உனக்கு மானமில்ல. நான் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவன்லா.”

“சரி. கல்லறைத் திருநாளுக்கு எந்தக் கல்லறைக்குப் போற?”

டிவி ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம். பிறகு செய்தி. செய்தி முடிவதற்குள் ரிமோட்டைத் தேடி அணைத்தான்.

“பஸ்ஸெல்லாம் எனக்கு ஆகாது. டாக்சி கூப்பிடு.”

மண்டபத்தில் அவன் உட்காரவில்லை. கைத்தடியை ஊன்றி நின்றபடியே அம்மா பெயரைச் சொன்னான். மரியம்மா. ஒவ்வொரு வீடாக மற்ற பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனோம். ஆறாவது வீட்டில் சண்டை வந்தது. செத்தது அண்ணன் என்றேன். தம்பி என்றான். அவன் சொன்னதுதான் சரி. கவிதா எழுதிக்கொண்டே வந்தாள். அட்டை விஷயத்தில் அவள் பேனா நின்றது.

“செத்தவங்க பேர்ல அரிசி வாங்குனதையும் போடணுமா தாத்தா?”

“போடும்மா,” என்றான் அந்தோணி. “திருட்டுன்னு சொல்றவன் சொல்லட்டும். பட்டினி போட்டவன யாரும் திருடன்னு சொல்லலியே.”

நான் சொல்ல நினைத்ததை அவன் சொல்லிவிட்டான்.

கணக்கு இது. ஷெல் விழுந்து இருவர். சயாம் ரயிலுக்கு ஏழு பேர். அட்டையில் உயிரோடும் மண்ணுக்கடியில் பிணமாகவும் இருந்தவர்கள் ஒன்பது. மொத்தம் பதினெட்டு. லயன் வீடுகள் ஒன்றுகூட இல்லை. ரப்பர் மரங்கள் இல்லை. குழிகள் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. எந்தப் புளோக்குக்குக் கீழே என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பதினெட்டுப் பெயர்களும் தெரியும்.

கிளம்பும்போது கவிதா கேட்டாள். பலகையைப் பார்க்க வருகிறவர்களுக்கு விவரம் சொல்ல ஆள் வேண்டுமாம். அந்தோணிக்குக் கால் முடியாது. நான் சரி என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலையில் சேர்ந்தேன். ஒரு நாற்காலி கொடுத்தார்கள். முதலில் வந்த மனிதர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். காட்டினேன். திரும்பி வந்தவரை நிறுத்தி, பாக்கியத்திலிருந்து ஆரம்பித்தேன்.