தாளத்தின் வால்

இன்டர்நெட்டிலிருந்து பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற பெட்டிக்கு ஸ்ட்ரீமர் என்று பெயர். ஒரு செங்கல் அளவுதான் இருக்கும். கம்பெனிக்காரன் அவ்வப்போது எங்கிருந்தோ அதற்குப் புது மென்பொருள் அனுப்புவான். பெட்டி தானாகவே அதை ஏற்றிக்கொண்டு ஒருமுறை அணைந்து எரியும். அப்டேட் என்பார்கள். அதனால் பாட்டின் ஓசை மாறுமா என்று கேட்டால், படித்தவர்கள் மாறாது என்பார்கள். மாறும் என்பது என் கட்சி. பிரிட்டோ சார், என் அண்ணன் விஷயத்துக்கு இங்கிருந்து வந்தால்தான் சரியாக வரும். இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள்தான் தமிழர். அதிகாரிக்கு வங்காளத்தில் மாற்றிக் கொடுக்கும்போது எதையும் மெழுக வேண்டாம்.

என் பெயர் முத்துகிருஷ்ணன், வயது அறுபத்தொன்று. அப்பா வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து கிதிர்பூர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அண்ணன் வேதாச்சலமும் நானும் கார்டன் ரீச் பக்கம் ஆற்றங்கரைப் பட்டறைகளில் வேலை பார்த்தோம். அண்ணன் கப்பல் தொட்டிக்குள் இறங்கி மணல் பீய்ச்சித் துரு எடுப்பார். நான் வெளியே கிரைண்டர் போட்டு இரும்புத் தகடுகளைத் தேய்ப்பேன். காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம், அதுவும் வியர்வையில் விழுந்துவிடும். முப்பத்திரண்டு வருஷம். அவருக்கு நுரையீரல் போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் மனைவி இறந்த பிறகு நாங்கள் இருவரும்தான் டாக்குரியாவில் ரயில் ஸ்டேஷனை ஒட்டிய வாடகை வீட்டில் இருந்தோம். அவருக்கு உள்ளறை, எனக்கு முன்னறை. அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் ஓடும். டொக் என்று ஒரு சத்தம், பிறகு ஒரு நீண்ட சீறல், மறுபடி டொக். அதிலிருந்து வரும் குழாய் அவர் மூக்கில் இருக்கும். என்னைக் கூப்பிடக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பித்தளை மணி இருக்கும். சோறு ஊட்டியது, துணி மாற்றியது, மலம் எடுத்தது எல்லாம் நான்தான். கீழ்வீட்டு ரோஹிணி பௌதியிடம் கேளுங்கள். இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம். நான் அண்ணனைக் கவனிக்கவில்லை என்று அவர் சொல்லமாட்டார்.

ஓய்வு பெற்றதும் எனக்கென்று வாங்கியது இந்தப் பெட்டியும் இரண்டு ஸ்பீக்கரும்தான். நாதஸ்வரக் கச்சேரி கேட்பேன். தாளம் போடுகிறவர் கைத்தாளத்தைத் தட்டியதும் ஒரு ஓசை எழும். அது முடிந்த பிறகும் நூல் மாதிரி மெல்லிய ஒரு வால் காற்றில் நீளும். அந்த வாலுக்காகத்தான் உட்காருவேன். போன கார்த்திகையில் ஒருநாள் காலை உட்கார்ந்தேன். தட்டு இருந்தது, வால் இல்லை. பெட்டியைப் பார்த்தால் முந்தின நாள் அப்டேட் ஏறியிருந்தது. வேறென்ன வேண்டும்?

இதே பெட்டி கௌசிக்கிடமும் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழன், ஸால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், நாற்பதை நெருங்குகிற ஆள், தமிழைவிட வங்காளம்தான் நாக்கில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என்னோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்பான். என்னைக் காகு என்பான், சித்தப்பா மாதிரி. அவன் பெட்டியில் அப்டேட் இன்னும் ஏறியிருக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

“காகு, அவன் இன்னா மாத்தினான்னு லிஸ்ட் போட்டிருக்கான், நான் படிச்சேன். வைஃபை, ஸர்ச்சு, அவ்ளோதான். ஆடியோ பக்கம் கையே வெக்கல.”

“லிஸ்ட்ட நீ கேளு. நான் பாட்டு கேக்கறேன்.”

“சரி, டெஸ்ட் பண்ணிடலாம்.”

அடுத்த ஞாயிறு தன் பெட்டியைக் கொண்டுவந்தான். பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டி, பின்னால் நின்று பழையதும் புதியதுமாக மாற்றி மாற்றிப் போட்டான். எது ஓடுகிறது என்று நான் சொல்ல வேண்டும். பத்து முறை. உள்ளறைக் கதவு திறந்திருந்தது. அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடா மார்க்கு?” என்றார்.

“நாலு, ஜேட்டு,” என்றான் கௌசிக். அண்ணனைப் பெரியப்பா முறை வைத்து அப்படிக் கூப்பிடுவான்.

“நாலா? எட்டணாவ சுண்டிப் போட்டிருந்தாலே அஞ்சு வந்திருக்குமேடா.” சிரித்தார், சிரிப்பு இருமலானது, இருமல் அடங்கும்வரை விரலை உயர்த்தி எங்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மிச்சத்தையும் சொன்னார். “மாறினது பொட்டி இல்லடா முத்து, காது. பட்டறையிலயே வுட்டுட்டு வந்துட்ட. போயி கேட் பாஸ் போட்டு வாங்கினு வா.”

கௌசிக்கும் சிரித்தான். நான் கோபப்படவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். அதன்பின் யோசித்துப் பார்த்து, அந்த ஆக்சிஜன் மெஷின் ஓடுகிற வீட்டில் எந்தக் காதுக்கும் வித்தியாசம் தெரியாது என்று சொன்னேன். அதன் மோட்டார் கரண்ட் லைனையே அழுக்காக்குகிறது. கௌசிக் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “இருக்கலாம் காகு, கொஞ்சம் நாய்ஸ் வரும்தான்,” என்றான். மரியாதைக்குச் சொன்னதாக இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவன் பெட்டியை ஒரு வாரம் என்னிடம் விட்டுப்போகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தேன். அன்று லோக்கல் ரயில்கள் குறைவு. அண்ணன் சாப்பிட்டு முடித்திருந்தார்.

“அரை மணி நேரம் சிலிண்டர்ல இரு. மெஷின நிறுத்தறேன்.”

“எதுக்கு?”

“பாட்டு டெஸ்ட் பண்ணணும்.”

“ஃபெயிலானவன் சும்மா இருக்கமாட்டான். சரி, சீக்கிரம் முடி. அந்தச் சத்தம் இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது.”

சொல்லிவிட்டு, குழாய் மாற்றுவதற்காக மூக்கை என் பக்கம் தூக்கிக் காட்டினார்.

சிலிண்டர் என்பது கரண்ட் போகும் நேரத்துக்காக வைத்திருந்தது. புதன்கிழமை கரண்ட் போனபோது பெரும்பகுதி செலவாகிவிட்டது, மாற்றி வாங்கவில்லை. முள் சிவப்பில் நின்றது. பட்டறையில் கேஸ் சிலிண்டர் முள்ளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இருபது நிமிஷம் வரும் என்று தெரியும். அரை மணி என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மெஷினை அணைத்தேன். சிலிண்டரின் சீறல் முன்னறைக்கு வராமலிருக்கக் கதவைச் சாத்தினேன்.

இந்த முறை திரை கட்டவில்லை. கூட இன்னொருவர் இருந்தால் கவனம் சிதறும். நானே சுவிட்சை மாற்றினேன், நானே கண்ணை மூடிக் கேட்டேன், நானே தாளில் எழுதினேன். பழையதில் தாளத்தின் வால் நீளமாக வந்தது, புதியதில் அறுந்து நின்றது. ஒருமுறைகூடத் தவறவில்லை. இருபதுக்கு இருபது. அந்தத் தாள் உங்கள் ஃபைலில் இருக்கிறது. இதற்கு நாற்பது நிமிஷம் ஆனது. அதன்பின், லைன் இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது வீணாக்கக் கூடாது என்று ஒரு முழு ஆலாபனை கேட்டேன். அது இருபத்தெட்டு நிமிஷம்.

கதவைத் திறந்தபோது அண்ணன் ஜன்னல் பக்கமாகச் சரிந்திருந்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. மெஷினைப் போட்டேன். குழாயை மூக்கில் வைத்தேன். மெஷின் வழக்கம்போல ஓடியது. டாக்டருக்குப் போன் செய்தேன். கௌசிக்குக்கும் செய்தேன். அவனிடம் முதலில் இருபதுக்கு இருபது என்று சொன்னேன். அண்ணனைப் பற்றி அடுத்து சொன்னேன்.

நீங்கள் பெட்டிகள் இரண்டையும் எடுத்துப்போய்ப் பார்த்திருக்கிறீர்கள். கௌசிக்கின் பெட்டி என் வீட்டு வைஃபையில் சேர்ந்த அன்றே அதுவும் அப்டேட்டை ஏற்றிக்கொண்டது, நான் சோதித்த ஞாயிறன்று இரண்டிலும் ஒரே வெர்ஷன்தான் இருந்தது என்கிறீர்கள். இருக்கலாம். ஒரே அச்சில் வந்த இரண்டு கிரைண்டர்கூட ஒரே மாதிரி ஓடாது. நான் கேட்டதைத்தான் நான் சொல்ல முடியும்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பாதிக்கு மேல் நான் அழுத்தவே இல்லை என்று ரிப்போர்ட். மணி, பாத்திரம், குக்கர் விசில் மாதிரி கீச்சென்று வரும் எந்தச் சத்தமும் இந்தக் காதில் ஏறாது என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நேற்று நீங்கள் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னீர்கள்: “சார், கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அவர் கூப்பிட்டது காதுல வுழல, நேரம் போனது தெரியல. கேஸு கவனக்குறைவுல நிக்கும். இல்லன்னா கொலை.”

உங்கள் நல்ல மனசு தெரிகிறது. ஆனால் அந்தப் பரிசோதனை அறையில் ஏசி ஓடியது. அந்த லைனில் என்ன நாய்ஸ் இருந்ததோ.

ஆகவே என் வாக்குமூலம் இதுதான். அண்ணன் தன் பித்தளை மணியை அடித்தார். பதினோராவது சுற்றில் தொடங்கினார். முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. எனக்குத் தெளிவாகக் கேட்டது. மூச்சு முட்டுகிறது என்று புரிந்தது. இன்னும் ஒன்பது சுற்று பாக்கி இருந்ததால் எழவில்லை. மணி நின்றதும் கேட்டது. தெரிந்தே செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் ஏதோ தயங்குகிறீர்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். அந்த மணியை அன்று காலை வேலைக்கார அம்மாள் புளி போட்டுத் தேய்த்து, சமையலறை மேடையில் காயவைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அண்ணன் கையில் அது இல்லவே இல்லை என்கிறீர்கள். அவர் எவர்சில்வர் டம்ளரால் ஜன்னல் கம்பியை அடித்திருக்கிறார். கீழே ரோஹிணி பௌதிக்குக் கேட்டு, அவர் மேலே ஏறிவந்து வாசற்கதவைக் கால் மணி நேரம் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

சரி. மணி என்று இருப்பதை அடித்துவிட்டு டம்ளர் என்று எழுதுங்கள். கதவு தட்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் எனக்குக் கேட்டது.