தாம்பரம் வட்டம்

– இன்னிக்கோட சரி ரத்தினம். டீ குடிச்சிட்டு அவங்க எழுந்திருக்கும்போது நானே போய் சொல்லிடப் போறேன். அடுத்த மாசத்துலேர்ந்து சங்கத்தை வேற எங்கயாவது வச்சிக்கோங்க, இது குடித்தனம் நடத்துற வீடுன்னு.

– அதில்லக்கா, மாசத்துல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதானே.

– உனக்கென்ன. குரோம்பேட்டையிலேர்ந்து புருஷனோட வருவே, விளக்கு வைக்கிறதுக்குள்ள போயிடுவே. வடைக்கு அரைக்கிறது யாரு, நானு. ரேஷன் சக்கரையை மிச்சம் பிடிச்சு வைக்கிறது யாரு, நானு. நாற்காலியெல்லாம் எதிர் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போறதும் நான்தான். இவர் செயலாளராம். செயலாளர் கை நாற்காலியைத் தொடாது.

– அந்த வெங்காயத்தைக் குடுங்கக்கா, நான் நறுக்கறேன்.

– டெல்லியிலேர்ந்து ஒரு காயிதம் வந்துச்சு, பாரேன். அந்தந்த ஊர் உறுப்பினர்கள் மாசாமாசம் குடும்பத்தோட கூடிப் பழகணும்னு. மறுநாளே வாசல்ல போர்டு. அகில இந்திய ரயில் ரசிகர் சங்கம், தாம்பரம் வட்டம், செயலாளர் சுந்தர்சிங். மொத்தம் மூணு பேரு. இவர் செயலாளர், உன் வீட்டுக்காரர் பொருளாளர், அந்த ராஜாராமன் தலைவர். உறுப்பினர்னு சொல்ல ஒரு ஆள் கிடையாது.

– நாலு ஆண்டி சேர்ந்து மடம் கட்டின கதைதான்.

– இங்க ஆண்டியிலயும் ஒண்ணு குறையுது. அங்க என்ன சத்தம், கேளு.

– ராஜாராமன் சார்தான்க்கா. எஞ்சின் மாதிரி ஊதிக் காட்டுறார்.

– நாப்பது வயசாகுது, இன்னும் கல்யாணம் ஆகல. எப்படி ஆகும்? பொண்ணு பார்க்கப் போன வீட்டுலயும் இப்படித்தான் ஊதியிருப்பான். பொடிநடையா போனா ஸ்டேஷன் வந்துடும். அங்க நிஜ எஞ்சின் நிஜமாவே ஊதிக்கிட்டு நிக்குது. அதைப் பார்க்கப் போக மாட்டாங்க. ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து வாயால ஊதுவாங்க.

– போன மாசம் கரி எஞ்சின் ஒசத்தியா, மின்சார வண்டி ஒசத்தியான்னு அண்ணனும் ராஜாராமன் சாரும் சண்டை போட்டாங்களே, அதைச் சொல்லுங்க.

– அதை ஏன் கேக்கறே. கரி எஞ்சினை எடுத்துட்டா நாடே போச்சுன்னு இவர் கண்ணுல தண்ணி. அன்னிக்கு இவர் சட்டையில ஒரு கரிப்பொட்டு விழுந்திருந்தா என்னைத்தான் திட்டியிருப்பாரு.

– தபீதா, டீ ஆச்சா? தலைவர் கேட்கிறார்.

– தண்ணி கொதிக்கலைன்னு சொல்லுங்க. கரி எஞ்சின் மாதிரிதான் என் ஸ்டவ்வும், சூடேற நேரமாகும்.

– மெதுவாப் பேசு. தயாளனோட மிஸஸ் இருக்காங்க, என்ன நினைப்பாங்க.

– அவங்களும் இதையேதான் பேசுறாங்க. போங்க, உங்க வண்டி கிளம்பிடப் போகுது.

– பாவம்க்கா, அண்ணன் முகம் சுருங்கிப் போச்சு.

– சுருங்கட்டும். ஆனா உன் வீட்டுக்காரர் அதுக்கும் மேல. ஆறு மாசமா வர்றார், எஞ்சினைப் பத்தி ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வந்து நான் கேட்டதில்லை. நாற்காலி நுனியில உட்கார்ந்துகிட்டு கடியாரத்தையே பார்க்கிறார். அன்னிக்கு ராஜாராமன் ஏதோ கேட்டதுக்கு, எல்லாம் ஒரே ரயில்தானே சார்ன்னார். தலைவருக்கு மூஞ்சியே செத்துப்போச்சு.

– வடை கருகுதுக்கா.

– கருகட்டும், இவங்களுக்கு இது போதும். நான் நிறுத்திட்டா உனக்கும் நல்லதுதான். ஞாயித்துக்கிழமை வீட்டுல காலை நீட்டிப் படுக்கலாம்.

– மீதி நாளெல்லாம் வீட்டுலதானேக்கா இருக்கேன்.

– ஏன், கோயிலுக்குப் போறதில்ல?

– போவோம். ஆராதனை முடிஞ்சதும் சர்ச் வாசல்ல நிக்க விடமாட்டார். யாராவது தோத்திரம் சொன்னாக்கூட, யாரு அவங்க, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பார். கடைக்கு அவரே போவார். மீன்காரம்மா வந்தா நான் கதவைத் திறக்கக் கூடாது, ஜன்னல் வழியாதான் வாங்கணும்.

– அம்மா வீடு பல்லாவரம்தானே?

– பக்கம்தான். போய் மூணு வருஷமாச்சு.

– இதை ஏன் நீ ஒரு நாளும் சொல்லல?

– சொன்னா நீங்க அவர்கிட்ட கேப்பீங்க. கேட்டா அடுத்த மாசம் என்னைக் கூட்டிட்டு வரமாட்டார்.

– இங்க மட்டும் எப்படிக் கூட்டிட்டு வர்றான் அந்த மனுஷன்?

– அவர் ஆபீஸ் குமாஸ்தாக்கா. அச்சடிச்ச காயிதத்துல டெல்லின்னு இருந்தா அவருக்கு அது சர்க்குலர். குடும்பத்தோடன்னு போட்டிருக்கு, மீற முடியுமான்னு அவரே சொல்வார். முணுமுணுத்துக்கிட்டே என்னைக் கிளம்பச் சொல்வார்.

– அடிப்பாவி. அப்புறம் ஏண்டி ஆறு மாசமா என்கூடச் சேர்ந்து இந்தச் சங்கத்தைக் கிழிகிழின்னு கிழிச்சே?

– நீங்க திட்டுனீங்க, நானும் திட்டினேன். ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சிக்கிட்டே திட்டுறது நல்லாயிருந்துச்சுக்கா.

– அழாதே. முந்தானையில துடை, வெங்காயக் கை. ஒண்ணு சொல்லு. பெண்டாட்டியை ஜன்னலுக்குள்ள வைக்கிறவனுக்கு ஊர் ஊராப் போற ரயில் மேல என்ன ஆசை?

– அவருக்கு ரயிலே ஆகாதுக்கா, ஏறினாலே தலை சுத்தும். இங்க வர்றதுகூட பஸ்லதான். குடும்பத்தோட கூடுற சங்கம்னு பத்திரிகையில விளம்பரம் பார்த்து, ஜன்னல் வழியாவே தபால்காரர்கிட்ட சந்தாவைக் குடுத்து, அவர் பேரைச் சேர்த்துவிட்டது நான்தான். டெல்லி கடுதாசி வந்ததும், தன்னை யாரோ பெரியவங்க தேர்ந்தெடுத்துட்டாங்கன்னு நம்பிட்டார். இன்னிக்கும் நம்பிக்கிட்டுத்தான் அங்க உட்கார்ந்திருக்கார்.

– அந்த டம்ளர் தட்டை எடு.

– சங்கத்தை நிறுத்தச் சொல்லிடப் போறீங்களாக்கா?

– என்னங்க, இங்க வாங்க. தலைவரையும் கூப்பிடுங்க. மாசத்துக்கு ஒரு தடவை கூடுறதெல்லாம் ஒரு சங்கமா? வாராவாரம் கூடணும்னு டெல்லியிலேர்ந்து ஒரு காயிதம் அச்சடிச்சு வாங்குங்க.