ஒரே டிஸ்க்கில் இரண்டு சர்வர்கள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அறக்கட்டளைத் தலைவர் பஞ்சநதம் ஐயா அவர்களே, பார்வை தரும் கைகளுக்குச் சொந்தக்காரரான டாக்டர் ஷம்சாத் அவர்களே, நடவு முடித்து, காலில் காய்ந்த சேற்றோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, திருவையாற்றுப் பெரியோர்களே, என்னோடு கேபிள் இழுத்த தோழர்களே! இவர்கள் எல்லோருக்கும் முன்பாக நான் சொல்லியிருக்க வேண்டிய பெயர், மூன்றாம் வரிசையில் இருக்கும் ஞானாம்பாள் அம்மா அவர்களே! தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

நான் ராஜராஜன். இந்தக் கண் மருத்துவமனையின் சர்வர் அறை என் பொறுப்பு. இன்று புதிய ஸ்டோரேஜ் அறைக்குத் திறப்பு விழா. வாழ்த்திப் பேசு என்றார்கள். வாழ்த்து வரவில்லை.

"சத்தமா பேசுங்க தம்பி" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்கிறார். சரிதான் ஐயா. இதை மெதுவாகச் சொல்லித்தான் ஒரு வருடம் போய்விட்டது.

உங்கள் கண்ணுக்குள் எடுக்கும் படம் எங்கே போகிறது? ஒரு பெட்டிக்கு. அதில் டிஸ்க்குகள். அடுத்த அறையில் இரண்டு சர்வர்கள். நடுவே நெட்வொர்க் கேபிள். டிஸ்க் தன் வயிற்றுக்குள்ளேயே இருப்பதாகச் சர்வர் நம்பும். ஒன்று படுத்தால் மற்றொன்று வேலையை ஏற்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒன்று எழுதும்போது மற்றது காத்திருக்க வேண்டும். அந்த முறையை நாம்தான் வைக்க வேண்டும்.

நான் வைக்கவில்லை.

சீர்காழிப் பக்கம், கடைமடையில் பிறந்தவன் நான். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் வளர்ந்தவன். முறை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

போன ஆவணி. வெள்ளிக்கிழமை. சர்வர்களை முதன்முதலாக ஓட விடும் பூஜை. சூடம், எலுமிச்சம்பழம், சர்வரின் நெற்றியில் சந்தனம். என் சக ஊழியர் சாஜிதா கேட்டார்.

"ரெண்டும் ஒரே டிஸ்க்ல எழுதப் போகுதே, முறை வெச்சாச்சா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாங்க. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள ஓட விடணும்" என்றேன் நான்.

"ராகு காலம் டிஸ்க்குக்குமா?"

"நல்ல நாளும் அதுவுமா வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்!"

சிரிக்கிறீர்கள். அன்று நாங்களும் சிரித்தோம்.

பதினொரு நாள் ஓடியது. ஒன்று எழுதியதன் மேல் மற்றொன்று எழுதியது. பன்னிரண்டாம் நாள், அதற்கு மாற்றி வைத்த பழைய படங்கள் உட்பட, ஒரு படமும் திறக்கவில்லை. நகல் இல்லையா? இருந்தது. எங்கே இருந்தது? அதே பெட்டிக்குள் இருந்தது.

அடுத்த வாரம் ஞானாம்பாள் அம்மா வந்தார். அவர் இடது கண்ணுக்குள் ஒரு கருமச்சம். ஒரு வருடம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க வரச் சொல்லியிருந்தோம். சொன்ன தேதியில் வந்தார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். மச்சம் வளர்ந்திருக்கிறதா? வளர்ந்திருந்தால் அது புற்று. பழைய படம் வேண்டும். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சந்தேகத்தின் பேரில் ஒரு கண்ணில் கை வைக்க முடியுமா? புதுப் படம் எடுத்து, நான்கு மாதம் காத்திருந்தோம்.

வளர்ந்திருந்தது. உயிரைக் காக்க, தை மாதம் கண்ணை எடுத்தார்கள். நான்கு மாதம் முன்பே தெரிந்திருந்தால் கண் தப்பியிருக்கலாம்.

"மெஷின் கோளாறு" என்று அவரிடம் சொன்னோம். எந்த மெஷின் தோழர்களே? சந்தனம் வைத்த மெஷினா, வைத்த கையா?

போன வாரம் வயலுக்குப் போய் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். நாற்றுக் கட்டைக் கீழே வைத்தார். வாய்க்காலில் கை கழுவினார்.

"ஒரே நேரத்துல ரெண்டு பேரு மடையைத் தெறந்தா வரப்பு நிக்குமா? இதுக்கா தம்பி பட்டணத்துல போய்ப் படிச்சீங்க?"

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார்.

"அது போச்சு. மிச்சக் கண்ணு படம் இருக்கா?"

"இருக்கும்மா. மூணு இடத்துல நகல் வெச்சிருக்கோம்."

"அன்னைக்கும் நகல் இருக்குன்னுதானே நெனச்சிருப்பீங்க? எடுத்துக் காட்டுங்க. நான் பாக்கணும்."

அதனால் இன்று ரிப்பன் இல்லை. நல்ல நேரமும் பார்க்கவில்லை. கைதட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

சாஜிதா, பெட்டியின் கேபிளைப் பிடுங்குங்கள்.

திரையைப் பாருங்கள் பெரியோர்களே. இருட்டு. இப்போது தஞ்சாவூரில் வைத்திருக்கும் நகலிலிருந்து அம்மாவின் கண் படம் வர வேண்டும். வருமா? எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கண் தேவைப்பட்டது. அது என் கண் இல்லை.

வருகிறது.

அம்மா, செம்பொன் நிறத்தில் தெரிகிறதே, அதுதான் உங்கள் வலது கண். மச்சம் இல்லை. தேதி சரி. பெயர் சரி.

பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் இருக்கிறது. "இடது: படம் இல்லை" என்று எழுதியிருக்கிறது. அதை அழித்துவிடலாம் என்றார்கள். நான் அழிக்கவில்லை. நான் வேலையில் இருக்கும்வரை அது அங்கேயே இருக்கும்.

வந்தவர்களுக்கு நன்றி. கேட்ட காதுகளுக்கு நன்றி. கேள்வி கேட்ட அம்மாவுக்கு என் வணக்கம்.