சிவப்புப் பாத்தியில் ஒரு பச்சை

ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, வெளிச்சம் ஊடுருவினால்தான் இந்தக் கண்ணாடிப் படத்தில் வண்ணம் தெரியும். எங்கள் லிஸ்ஸ ஊரின் துலிப் வயல்தான், சந்தேகமில்லை. படக்காரர் கொட்டகைக் கூரையில் ஏறியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்தான். கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா? துலிப் கிழங்குக் கொட்டகைத் தூசி தொண்டையிலேயே தங்கிவிட்டது.

சிவப்புக்கு நடுவே ஆள் நீளத்துக்கு ஒரு பச்சை ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் அந்தத் தகட்டைக் கொஞ்சம் கீழே வையுங்கள், கண் அங்கேயே போகிறது.

பதினாறு வருஷமாக எனக்கு ஒரே வேலை. பூத்த வயலில் வரிசை வரிசையாக நடந்து, நோய் கண்ட செடியைத் தேடிப் பிடுங்குவது. நோய் வந்த பூவின் இதழில் கோடு கோடாக விழும். பார்க்க அத்தனை அழகு. பாவம் பார்த்தால் பாத்தியே போய்விடும். கிழங்கோடு, சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துவிட வேண்டும்.

என் தம்பி க்ரைன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். போன அக்டோபரில் இருமத் தொடங்கினான். எனக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி மார்ட்யே அவன் மடியை விட்டு இறங்கமாட்டாள். வேறு இடம் பார்த்துக்கொள் என்று தன்மையாகத்தான் சொன்னேன். நவம்பரில், நட்டு முடிந்த பாத்திக்கு இருவரும் வைக்கோல் போர்த்திக்கொண்டிருந்தோம். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மறுபடியும் சொன்னேன். அவன் சிரித்தான்.

“அண்ணே, மொதல்ல இருமுனது நீதானே. உங்கிட்டேருந்துதான் எனக்கே வந்துச்சு. இப்ப என்னைப் புடுங்கிப் போடப் பாக்குறியா?”

மண்வெட்டி கையில் இருந்தது. இரண்டாவது அடி தேவைப்படவில்லை. அங்கேயே ஆழமாகத் தோண்டிப் புதைத்து, மேலே கிழங்குகளைப் பழையபடி நட்டு, வைக்கோலைப் பரப்பினேன். அமெரிக்கக் கப்பல் ஏறிவிட்டான் என்று வீட்டில் சொன்னேன். மார்ட்யே இன்றும் அவன் கடிதம் வந்ததா என்று கேட்கிறாள். எனக்கும் அவன் இல்லாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரலில் அந்த இடத்துப் பூ மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் உயரமாக எழும்பியது. விட்டிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். என்னால் முடியவில்லை. ஒரு நாளில் பத்து தடவை போய்ப் பார்த்தேன். என் வரிசையில் ஒன்று மாறி நின்றால் எனக்குச் சோறு இறங்காது. கிழங்கு பெருக்க வேண்டுமென்று, வழக்கமாக ஒரு பாத்தியின் பூத்தலைகளை ஒரே நாளில் மொத்தமாகக் கிள்ளுவோம். நான் ஒரு நாள் காலை அந்த உயர்ந்த பூக்களை மட்டும் கிள்ளினேன். அன்று மதியமே படக்காரர் வந்தார். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் சிவப்பும் பச்சையும் ஒரே இருட்டு. வண்ணத் தகடு கொண்டுவந்திருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆமாம், க்ரைனைக் கொன்றது நான்தான். பிள்ளைகளுக்காகச் செய்தேன், அதில் எனக்குச் சஞ்சலமே இல்லை. என் இருமல் வெறும் தூசி.

மார்ட்யே போன வாரத்திலிருந்து இருமுகிறாளாம், என் மனைவி சொல்லி அனுப்பினாள். ஒரே ஒரு நாள் என்னை வீட்டுக்கு அனுப்புங்கள் ஐயா. மற்ற இரண்டு பிள்ளைகளையாவது காப்பாற்ற வேண்டும்.