வெள்ளை மணல் போட்ட பாதை

ஸ்கந்தபுரத்தில் பஸ்ஸுக்காக நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் சொன்னாள்: "பாதையை வடிவாக்கப் போய்த்தான் எங்கட மனிசனை மறிச்சுப்போட்டினம்."

பக்கத்தில் நின்ற இளையவள் கேட்டாள்: "எங்கையக்கா?"

"குளத்தடிப் பூங்காவில பறவை பாக்கிற மண்டபம் திறந்தவையெல்லே. நடக்க ஏலாத ஆக்களின்ர சில்லுக் கதிரை ஏறச் சரிவெல்லாம் கட்டியிருக்கினம். பிறகு திறப்பு விழாவுக்கெண்டு பாதை முழுக்க வெள்ளை மணலைப் பரப்பிப்போட்டினம். கதிரைச் சில்லு புதைஞ்சுபோச்சு. சண்டைக்கை செல்லடியில கால் போனாப்பிறகு அவர் வெளிய வந்ததே அண்டைக்குத்தான்."

"ஆரும் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே."

"நாலு பேர் வந்தவை. 'என்னைத் தூக்க வேண்டாம், மணலைத் தூக்குங்கோ' எண்டிட்டார்."

"தூக்கினவையோ?"

"ஓம். விழாவுக்கு வந்த ஆக்களே மண்வெட்டி எடுத்து அள்ளினவை. அள்ளி முடியப் பொழுதுபட்டிட்டுது. குளத்தில ஒரு கொக்குக்கூட இல்லை."

"பாவம்."

"என்ன பாவம், பிள்ளை? அந்த மம்மல் இருட்டுக்கை தானே உருட்டிக்கொண்டு, திரும்பத் திரும்பச் சரிவில ஏறி இறங்கினவர். நான்தான் வீட்டை வாங்கோ எண்டு கூப்பிட்டுக் களைச்சுப்போனன்."